மணமில்லாத சோப்பு

மௌசுமி வந்தபோது நான் சாயியின் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது என் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் முடியின் நுனியை மட்டும் நனைக்க வேண்டும். உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து அதில் மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும். முனை எப்போதும் கீழே பார்த்திருக்க வேண்டும், தண்ணீர் உலோகப் பூணுக்குள் இறங்கினால் பசை விட்டு முடி கொட்டிவிடும். பிழிந்து, விரலால் வடிவம் சேர்த்து, முடிப்பக்கம் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி துண்டின் மேல் படுக்க வைக்க வேண்டும். எல்லாம் சாயி சொல்லித் தந்தது. அவள் போன பிறகு அந்தப் பிரஷ்கள் எந்த முகத்தையும் தொட்டதில்லை. தூசியைத் தவிர அவற்றில் கழுவ ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கழுவுகிறேன்.

"இன்னும் கழுவுறீங்களா மாஷிமா?" என்று வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே மௌசுமி கேட்டாள். நாங்கள் வங்காள மொழியில்தான் பேசிக்கொள்வோம், மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி. தமிழில் எழுதும்போது அவள் குரலின் இனிப்பு கொஞ்சம் குறைந்து தெரியலாம்.

"சும்மா வெச்சா பூஞ்சை பிடிச்சுடும்" என்றேன்.

மௌசுமிக்கு கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் மணப்பெண் அலங்கார ஸ்டூடியோ இருக்கிறது. என் மகள் சாய்பிரியா அங்கேதான் வேலை பார்த்தாள். எங்களுக்குச் சாயி, அங்கே எல்லோருக்கும் ப்ரியாதி, அதாவது ப்ரியா அக்கா. போன ஆண்டு மார்கழி பிறப்பதற்குள் இறந்துபோனாள். வருஷாப்திகம் முடிந்துவிட்டது.

சந்தேஷ் இனிப்புப் பெட்டியை மேஜை மேல் வைத்த மௌசுமி, பையிலிருந்து இன்னொரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து என் ஈரக் கையில் கொடுத்தாள். பெட்டியின் மேல் சாயி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் 'ப்ரியா' என்று வளைந்த எழுத்து. கீழே, மேக்கப் பிரஷ்களுக்கான நச்சற்ற சோப்பு என்று இருந்தது.

"ப்ரியா எப்பவும் சொல்லிட்டே இருப்பாளே, அதைத்தான் செஞ்சிருக்கேன். ஸ்பிரிட் கிடையாது, கெமிக்கல் கிடையாது. இது சாம்பிளுக்கு அடிச்ச பெட்டி. உங்க ஆசீர்வாதம் இல்லாம வெளியில விட மாட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். ரோஜா வாசனை முகத்தில் அடித்தது.

"அவ வாசனையே இல்லாததைத்தான் தேடித் தேடி எடுத்தா" என்றேன்.

"வாசனை இல்லாத சோப்பை யாரு மாஷிமா வாங்குவாங்க? ஜனங்க மூக்காலதான் வாங்குறாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பிறகு மணப்பெண்ணோடு வரும் தாய்மார்கள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பார்ப்பார்களாம். ஸ்பிரிட் நெடி அடித்தால் நிம்மதியாக உட்காருவார்களாம். ஆஸ்பத்திரி வாசனை வந்தால் சுத்தம். அது வராவிட்டால், "பிரஷ்ஷை நிஜமாவே கழுவினீங்களா?" என்று கேட்பார்கள். சாயி வீட்டுக்கு வந்து அந்தக் குரலில் நடித்துக் காட்டுவாள். நடிப்பின் நடுவில் இருமுவாள்.

அந்த நெடி ஒரு நீல டின்னிலிருந்து வந்தது. படாபஜாரில் மொத்தமாக வாங்குவது. கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, பிரஷ்ஷைத் தோய்த்து, காகிதத்தில் துடைத்தால் போதும். நிறமெல்லாம் காகிதத்துக்கு வந்துவிடும். அடுத்த மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்துவதற்குள் பிரஷ் காய்ந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவினால் மறுநாள் காலையில்தான் காயும். இந்த ஊரில் கல்யாணம் சாயங்காலம் நடப்பது, அதுவும் பஞ்சாங்கத்தில் லக்னம், அதாவது கல்யாண முகூர்த்தம், இருக்கும் நாளில் மட்டும். அந்த நாளில் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம். ஒரு பெண்ணை முடித்து எழுப்பிய சூட்டோடு அடுத்த பெண்ணை உட்கார வைக்க வேண்டும். ஒரே பிரஷ், ஒரே சாயங்காலம். முகத்தில் வியர்க்கக்கூடாது என்று ஏசி போட்டு, ஜன்னல்களை எல்லாம் அடைத்திருப்பார்கள்.

"டின்னுல என்ன எழுதியிருக்கு தெரியுமா மா?" என்று ஒருநாள் சாயி சொன்னாள். "நல்ல காத்தோட்டமான இடத்தில் உபயோகிக்கவும். காத்தோட்டம்னா ஏசியைத்தான் சொல்றான்னு மௌசுமிதி நெனச்சுண்டிருக்கா."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நீ ரொம்பப் படிக்கறே ப்ரியான்னா."

சின்ன வயதில் சாயிக்கு மூச்சு இரைக்கும். பத்தாவது படிக்கும்போது நின்றது. அந்த ஸ்டூடியோவில் சேர்ந்த பிறகு மறுபடி வந்தது. கைப்பையில் பவுடரோடும் உதட்டுச் சாயத்தோடும் மூச்சுக்கு உறிஞ்சும் ஒரு நீலப் பம்பும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு லக்ன நாளுக்கும் மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே மத்தியானம் ஆகும். ஐப்பசியில் லக்னமே கிடையாது. அந்த மாதம் முழுக்க அவள் இருமவில்லை. கார்த்திகையில் மறுபடி ஆரம்பித்தது. வேறு எந்தச் சாட்சியும் எங்களிடம் இல்லை. எனக்கும் அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

பிறகுதான் என் சமையலறை சோதனைக்கூடம் ஆயிற்று. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பார்க்கச் சொன்னது நான். முடி துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துப்போனது. "இதை வெச்சு மூஞ்சியத் தொட்டா கல்யாணமே நின்னுடும் மா" என்று அதை என் கன்னத்தில் தடவிக் காட்டினாள். அடுத்தது, இயற்கை என்று பச்சை எழுத்தில் போட்ட ஒரு பாட்டில். எலுமிச்சை எண்ணெயும் யூகலிப்டஸும் கலந்தது. அதைத் திறந்ததுமே இருமல் வந்து ஜன்னலுக்கு ஓடினாள்.

"இயற்கைன்னு எழுதிட்டா மூச்சு முட்டாதா என்ன? ஊமத்தங்காய்கூட இயற்கைதான். எனக்கு இந்த கொந்தோதான் ஆகலை மா, எந்த கொந்தோவும்." வாசனை என்ற தமிழ்ச் சொல் அவளுக்கு அவசரத்தில் வராது.

கடைசியில், குழந்தைகளுக்கென்று விற்கும் வாசனை சேர்க்காத ஒரு வெள்ளை சோப்பு சரிவந்தது. நிறம் போயிற்று, முடி மெத்தென்று இருந்தது, அவள் இருமவில்லை. பிரஷ்கள் மேஜை விளிம்பில் வரிசையாக நீட்டிக்கொண்டு காய்ந்தன. அவள் அவற்றின் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பரீட்சை எழுதி முடித்தவள் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மௌசுமியிடம் அவள் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு செட் பிரஷ் வேண்டும். ஒன்று கையில், மற்றவை காய்கிற மேஜையில். டின் வேண்டாம். மௌசுமி அவள் கன்னத்தைத் தட்டி, இந்த சீசன் போகட்டும் என்றாள். அடுத்த சீசனில் கேட்டதற்கும் அதே பதில்தான். சாயி தனக்கு மட்டும் சொந்தமாக ஒரு செட் வாங்கிக்கொண்டாள். ஆனால் அறை ஒன்றுதான். மற்றவர்கள் கிண்ணங்கள் திறந்திருக்கும்போது இவள் மட்டும் எந்தக் காற்றை சுவாசிப்பாள்?

அந்தக் கடைசிச் சாயங்காலம் மூன்று மணப்பெண்கள். மூன்றாவது பெண்ணுக்கு ஜாதவ்பூர் பக்கம் ஒரு வாடகைக் கல்யாண வீட்டில் அலங்காரம். கூட பம்பா போயிருந்தாள். பம்பா ஸ்டூடியோவில் சாயிக்கு முன்பே சேர்ந்தவள். பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிறான். பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது அவள்தான்.

பெண்ணின் நெற்றியில் புருவத்தை ஒட்டி சந்தனப் புள்ளிகள் வைக்கும் வேளை. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் ஆரம்பித்திருந்தது. பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி செல்ஃபிக்குக் குனிந்தபோது முழங்கை பட்டு, ஸ்டூடியோவிலிருந்து கொண்டுபோன நீல டின் கவிழ்ந்தது. கம்பளம் முழுக்க நனைந்தது. ஜன்னல் ஏசிக்காக அடைத்தது. சாயி கதவைத் திறக்கச் சொன்னாள். பெண்ணின் அத்தை கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது, மாலை மாற்றுவதற்கு முன்னால் பெண் முகம் அவர்கள் கண்ணில் படக்கூடாது, கொஞ்சம் பொறு என்றாள். பாதி நெற்றியோடு ஒரு பெண்ணை விட்டுவிட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள். சாயியும் போகவில்லை. வலது புருவத்தின் கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். மூச்சுப் பம்பை எடுத்து அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். கல்யாணச் சங்கு ஊதும் சத்தத்தில் பம்பா அவளைக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டதா என்று பம்பாவுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை.

"சின்ன வயசு ஆஸ்துமா. டிசம்பர் காத்து. இந்த ஊர்ல யாரு இருமல?" என்றார் டாக்டர். டின்னைப் பற்றிச் சொன்னேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். காற்றுதான் கொன்றது என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? மௌசுமி வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது நிஜம். அதனால்தான் அவளை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

பெட்டியின் மேல் இருந்தது அன்று எடுத்த படம்தான். டின் கவிழ்வதற்குச் சற்று முன்னால் பம்பா எடுத்தது. சாயியின் போனில் படங்களுக்குக் குறைவில்லை. எல்லாம் மணப்பெண்கள். கண் மூடியவர்கள், கண் திறந்தவர்கள், பாதி உதடு சிவந்தவர்கள். அவள் முகம் எதிலும் இல்லை. அவளே இருக்கும் நல்ல படம் என்று சொன்னால் இது ஒன்றுதான். கையில் பிரஷ், பச்சைக் குர்தா, சிரிப்பு. முழுப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் மேஜை மேல் நீல டின் நிற்கும், அதன் முன்னால் எவர்சில்வர் கிண்ணம். பெட்டிக்காகப் படத்திலிருந்து டின்னை வெட்டியிருந்தார்கள். கிண்ணத்தின் விளிம்பு மட்டும் ஓரத்தில் பிறை மாதிரி மினுங்கியது. பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மௌசுமியை அனுப்பிவிட்டு, தம்பி பட்டாபிராமனைக் கூப்பிட்டேன். கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் ரிடையர் ஆனவன். பஸ் மாறி வந்து, சந்தேஷைத் தின்றுகொண்டே கேட்டான்.

"கேட்டாளே, அதுவே பெரிசுக்கா. கேக்காமலே போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நன்னா சண்டை போட்டிருப்பேன்."

"இப்பவும் போடு. காரியம் நடக்கறாப்ல போடு. மூஞ்சி வேணும்னா டின்னு போகணும்னு சொல்லு. ஆபீஸ்ல நாங்க அப்படித்தான். ஒரு ஃபைல் நகரணும்னா இன்னொரு ஃபைல் மேல ஏறி உக்காந்துப்போம்."

"என் பொண்ணு ஃபைலாடா?"

அவன் கையிலிருந்த மிச்ச சந்தேஷைப் பெட்டியிலேயே வைத்துவிட்டான். "அந்த ரூம்ல இன்னும் நாலு பொண்கள் இருக்காளே அக்கா" என்றான்.

பம்பாவின் பையனை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மௌசுமிக்குப் போன் செய்து மூன்று விஷயம் சொன்னேன். சோப்பில் வாசனை கூடாது. ஒவ்வொருத்திக்கும் கூடுதல் செட் பிரஷ் வேண்டும். அந்த நீல டின் ஸ்டூடியோவுக்குள் இருக்கக்கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்றால் முகத்தைப் போட்டுக்கொள்.

"வாசனை விஷயத்தை மட்டும் விட்டுடுங்க மாஷிமா, சரக்கு தயாராயிடுச்சு. மத்ததுக்கு ப்ரியா மேல சத்தியம். அந்த டின்னை இனிமே அங்க பார்க்க மாட்டீங்க."

வாசனையை விட்டுக்கொடுத்தேன். என் மகளின் முகத்தைக் கொடுத்து அந்த டின்னை வெளியே அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

வங்காள வருஷப் பிறப்பன்று சோப்பை வெளியிட்டார்கள். ஸ்டூடியோ வாசலில் மாவிலை, உள்ளே ஷர்பத், புதுப் புடவைகள். சாயியின் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, ரஜனிகந்தா மாலை போட்டிருந்தார்கள். கீழே பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அவள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்து, "ப்ரியாவோட அம்மா" என்று எல்லோரிடமும் சொன்னாள் மௌசுமி. வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த பெண்களில் விரும்பியவர்களுக்கு மணப்பெண் அலங்காரம் செய்துகாட்ட ஏற்பாடு. மரத்தட்டிக்குப் பின்னால் பம்பாவும் மற்றவர்களும் பிரஷ்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் பெண் எழுந்து அடுத்தவள் உட்காரும்போது அந்த நெடி வந்தது.

என் மூக்கு அதை மறக்கவில்லை. சாயியின் துப்பட்டாக்களில் எத்தனை தடவை துவைத்தும் போகாமல் இருந்த நெடி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். "என்ன சுத்தமான வாசனை. இந்த சோப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா, 'ப்ரியா' சோப்பு" என்றாள் மௌசுமி.

எழுந்து தட்டிக்குப் பின்னால் போனேன். நீல டின் இல்லை. பேர் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதன் முன்னால் அதே எவர்சில்வர் கிண்ணம். பம்பா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு மூடினாள்.

"புது செட் இன்னும் வரல மாஷிமா. சோப்பு போட்டா நாளைக்குத்தான் காயும். வெளியில ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

"நீ என்ன பண்ணுவே" என்றேன்.

மௌசுமி என் பின்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டின் இல்லையே மாஷிமா. சொன்னபடி எடுத்துட்டேனே."

"படத்தை எடுத்துடு."

"எதை?"

"எல்லாத்தையும். பெட்டியில இருக்கறதை, சுவத்துல இருக்கறதை."

"பெட்டி மொத்தமும் அச்சாயிடுச்சு. கடைகளுக்குக்கூட போயிடுச்சு. இந்த சரக்கு தீரட்டும், அடுத்த அச்சுல பார்ப்போம்." என் தோளில் கை வைத்தாள். "வருஷத்துல முதல் நாள் மாஷிமா. இன்னிக்குக் கோபம் வேண்டாம். ப்ரியாவுக்குக் கஷ்டமா இருக்கும்."

சுவரில் இருந்த படம் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் அறுபத்தைந்து வயதுக்காரி நாற்காலியில் ஏறினால், பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்பார்கள். அந்த அனுதாபத்தையும் மௌசுமியே வாரிக்கொள்வாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டாபிக்குப் போன் செய்தேன். "வக்கீலைப் பார்க்கலாமா அக்கா?" என்றான். "வாயால சம்மதம் குடுத்தது நான்தானேடா" என்றேன். "நான்தான் யோசனை சொன்னேன்" என்றான். அவனுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் பம்பாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். சாயியின் பிரஷ்களை எல்லாம் அவளுடைய துணிச் சுருளிலேயே சொருகி வைத்திருந்தேன். அதை பம்பா முன்னால் விரித்தேன். எல்லாம் நல்ல பிரஷ்கள், சுத்தமானவை, ஒரு முடி கொட்டாதவை.

"இதை எடுத்துண்டு போ. ஒண்ணு காயும்போது இன்னொண்ணு கையில இருக்கும். பாட்டில் வேண்டாம். யாரையும் கேக்க வேண்டாம்."

பம்பா ஒரு பிரஷ்ஷைத் தொட வந்து விரலை மடக்கிக்கொண்டாள். டீயைக் கீழே வைத்தாள்.

"மாஷிமா, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்? போனவங்க பிரஷ்ஷை மணப்பெண் முகத்துல வெச்சேன்னு... எனக்கு அப்படி எதுவும் இல்ல. ப்ரியாதி கை எனக்குச் சாமி. ஆனா அவங்க கேப்பாங்க. இது ப்ரியாதி செட்டுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும்."

"கடைக்குக் கடை பெட்டியில அவ மூஞ்சி இருக்கே. மணப்பெண்கள்தானே வாங்கறா."

பம்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது பெட்டி மாஷிமா" என்றாள்.

துணிச் சுருளை மெல்லச் சுருட்டினேன். பம்பா எழுந்தாள். போகிற போக்கில் தொட்டி ஓரத்தில் இருந்த வெள்ளை சோப்பைப் பார்த்தாள். அதை வேண்டுமானால் தரச் சொன்னாள். பாதி கரைந்திருந்தது. காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"லக்னம் இல்லாத நாள்ல போட்டுக் கழுவுறேன்" என்றாள்.

அவள் போன பிறகு சுவரில் தொங்கிய வங்காளக் காலண்டரைப் பார்த்தேன். அப்போதுதான் பிறந்த பைசாக் மாதம் முழுக்க லக்னம்.